மாரிட்ஸ்பர்க் நாற்காலி: வாசகர் கேள்வியும் பதிலும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கட்சியின் தொகுதி அலுவலகத்தில் 1996 முதல் 2018 வரை வேலை பார்த்தேன் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அந்த 22 ஆண்டுகளில் நான்கு மாகாண சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் தட்டச்சு செய்திருக்கிறேன். தொலைபேசி எடுப்பதும், வாசலில் தயங்கி நிற்பவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதும் என் வேலைதான். உறுப்பினர் ஆவது எப்படி, ஆனபின் அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கட்சியின் பெயரையும் அந்த நால்வரின் பெயரையும் எழுத மாட்டேன். நால்வரில் ஒருவர் மிக நல்ல உறுப்பினர். பக்கத்தில் இருந்து பார்த்து அவரிடம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே அதிகம் சொல்வேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. எங்கள் பகுதியில் இளைஞர் சங்கம் நடத்துகிறேன். குவாஜூலு-நட்டால் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. என்ன படிக்க வேண்டும்? எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், மெரேபேங்க்

தம்பி, சட்டம் உன்னிடம் கேட்பது மிகக் குறைவு. 18 வயது நிரம்பிய, ஓட்டுப் போடத் தகுதியுள்ள குடிமகனாக இருந்தால் போதும். திவாலாகி அதிலிருந்து மீளாதவர் உட்கார முடியாது. அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்ற வாய்ப்பு இல்லாமல் 12 மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவரும், தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு ஆகும்வரை உட்கார முடியாது. பட்டப்படிப்பைப் பற்றி அரசியல் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

உன்னிடம் அதிகம் கேட்பது கட்சிதான். நம் மாகாண சட்டமன்றத்தில் 80 இடங்கள். தேர்தலன்று உன் கைக்கு வரும் மாகாண ஓட்டுச்சீட்டில் உன் பெயர் இருக்காது, கட்சியின் பெயர்தான் இருக்கும். விழுந்த ஓட்டுக்கு ஏற்றபடி கட்சிக்கு இடம் கிடைக்கும். கட்சி முன்பே கொடுத்த பட்டியலில் மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டே வருவார்கள். 2024 தேர்தலில் ஓர் இடத்துக்கு 40,000க்கும் மேற்பட்ட ஓட்டு தேவைப்பட்டது. கட்சிக்கு ஏழு இடம் கிடைத்தால் ஏழாவது பெயர்க்காரர் சட்டமன்றம் கூடும் மாரிட்ஸ்பர்க் போவார், எட்டாவது பெயர்க்காரர் மறுநாள் காலை தன் பழைய வேலைக்குப் போவார்.

நான் சொன்ன அந்த நல்ல உறுப்பினர் முதல் தேர்தலில் அப்படித்தான் ஒரு படி கீழே நின்றுவிட்டார். ஒன்றரை ஆண்டு கழித்து மேலே இருந்த ஒருவர் விலகினார். அப்படி ஓர் இடம் காலியானால் இடைத்தேர்தல் கிடையாது, கட்சியே பட்டியலில் இருந்து ஆளை அனுப்பும். செய்தி வந்தபோது அவர் ஒரு மருந்துக் கடையின் பின்னறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அன்றைய கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இதில் நீ யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உன்னைப் பட்டியலில் ஏற்றிய கட்சி உன்னை நீக்கினால் உன் நாற்காலியும் போய்விடும். கட்சி மாறிக்கொண்டே இடத்தையும் வைத்துக்கொள்ளும் வசதி கொஞ்ச காலம் இருந்தது, 2009ல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி என்பதுதான் என் கருத்து. ஆனால் இதனால் உறுப்பினரின் கண் ஓட்டுப் போட்டவர்களை விட்டுவிட்டு, பட்டியல் எழுதுகிறவர்கள் பக்கமே திரும்பி நிற்கிறது. இந்த வேலையின் பெரிய ஆபத்து இதுதான். நீ போகும் நாள் வரும்போது இதை மறந்துவிடாதே.

எங்கே தொடங்குவது? உன் தெருவில் தொடங்கு. பள்ளி நிர்வாகக் குழுவில் நில். வரி செலுத்துவோர் சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காராமல் குறிப்பெடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கு. அப்புறம் வார்டு கவுன்சிலர் தேர்தல். அதில்தான் ஓட்டுச்சீட்டில் உன் சொந்தப் பெயர் இருக்கும். உன் முகத்தைப் பார்த்து ஜனங்கள் முடிவு செய்யும் இடம் அது. தோற்றாலும் போய் நில்.

கட்சியே வேண்டாம் என்றால் சுயேச்சையாகவும் நிற்கலாம். 2020ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த வழியைத் திறந்தது, 2023ல் சட்டம் திருத்தப்பட்டது. 2024ல் நின்ற சுயேச்சைகளில் யாருக்கும் இடம் கிடைக்கவில்லை. 40,000 பேருக்கு உன்னைத் தெரிந்திருக்க வேண்டுமே.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வேட்பாளர் ஆனால் வேலை போய்விடுமா?
– ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பட்டியலில் பெயர் கொடுப்பதை அரசியல் சட்டம் தடுக்கவில்லை அம்மா. அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே உறுப்பினராக உட்காருவதைத்தான் தடுக்கிறது. இடம் கிடைத்துப் பதவி ஏற்கும்போது ஆசிரியர் வேலையை விட வேண்டும். கவுன்சிலர்களுக்கும் இதே கதைதான். பெயர் கொடுக்கும் முன் உங்கள் துறையின் விடுப்பு விதிகளைப் படித்துப் பாருங்கள், தலைமையாசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தங்கச்சி, எனக்கு 78 வயது. 1984ல் நாங்கள் ஓட்டுப் போட மாட்டோம் என்று நின்றோம். "ஓட்டே கிடைக்காத காலத்தில் கிடைத்த ஓட்டை ஏன் வேண்டாம் என்றீர்கள்?" என்று பேரன் கேட்கிறான். பதில் சொல்லத் தெரிகிறது, அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வரவில்லை.
– ஒரு பெரியவர், டோங்காட்

அண்ணா, உங்கள் கடிதத்தை நான்கைந்து தடவை படித்தேன். என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன், பேரனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்தக் கட்டடம். மாரிட்ஸ்பர்க்கில் லங்காலிபலேலே தெருவில், முன்பு லாங்மார்க்கெட் தெரு என்று சொன்ன இடத்தில், இன்று நம் மாகாண சட்டமன்றம் கூடுகிறது. நட்டால் காலனியின் சட்டமன்றம் இருந்ததும் அதே கட்டடம்தான். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கிய நம் ஜனங்களின் பிள்ளைகள் ஓட்டுக் கேட்கும் அளவுக்குக் காலூன்றியதும், 1894ல் அதைப் பறிக்க ஒரு மசோதா வந்தது. காந்தியும் நம் வியாபாரிகளும் சுமார் 10,000 கையெழுத்து வாங்கி லண்டனுக்கு மனு அனுப்பினார்கள். மசோதாவை லண்டன் ஏற்கவில்லை. 1896ல் வேறு வார்த்தை போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதில் "இந்தியர்" என்ற சொல்லே இல்லை. பாராளுமன்ற வாக்குரிமையின் மேல் அமைந்த பிரதிநிதித்துவ சபைகள் இல்லாத நாடுகளில் இருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் ஓட்டு இல்லை என்று எழுதினார்கள். நம்மைப் பெயர் சொல்லாமலே வெளியே தள்ளிவிட்டார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து, 1946ல், நிலம் வாங்கவும் குடியிருக்கவும் நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்தது. நம் ஜனங்கள் அதை கெட்டோ சட்டம் என்றார்கள். அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு மிட்டாயும் வைத்திருந்தார்கள். கேப் டவுன் பாராளுமன்றத்தில் இந்தியருக்காகப் பேச வெள்ளைக்கார உறுப்பினர்கள், நட்டால் மாகாண சபையில் இரண்டு இடம். அந்த இரண்டில் மட்டும் இந்தியரே உட்காரலாம். யோசித்துப் பாருங்கள், நமக்கு முதன்முதலில் நீட்டிய மாகாண நாற்காலி அது. டாக்டர் மான்ட்டி நாயக்கர் தலைமையில் நட்டால் இந்திய காங்கிரஸ் அதை வாங்க மறுத்தது. அம்பிலோ ரோடும் கேல் தெருவும் சேரும் காலி மனையில் கூடாரம் போட்டு உட்கார்ந்து சிறை போனார்கள். டாக்டர் கூனம் போன்ற பெண்களும் போனார்கள். என் தாத்தா அந்த மனைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு கட்டிக்கொண்டு போவாராம். அவர் மேகசின் பேரக்ஸில் குடியிருந்த நகராட்சித் தொழிலாளி. சிறை போனால் வேலை போகும், வேலை போனால் குடியிருந்த அறையும் போகும். அவரால் முடிந்தது சோறு.

1984க்கு வருகிறேன். பாராளுமன்றத்தை மூன்று சபையாக்கினார்கள்: வெள்ளையருக்கு ஒரு சபை, கலப்பினத்தவருக்கு ஒரு சபை, நமக்கு "ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ்". அதில் 45 பேர், அவர்களில் 40 பேரைத்தான் நாம் தேர்ந்தெடுக்கலாம். இந்த நாட்டில் மிகப் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு எந்தச் சபையும் இல்லை. ஆகஸ்ட் 28 அன்று தேர்தல். என் பெரியண்ணன் நட்டால் இந்திய காங்கிரஸ் நோட்டீஸை சாட்ஸ்வொர்த்தில் வீடு வீடாகக் கொடுத்தான். என் சித்தப்பா மறுபக்கம் நின்றார். "கிடைத்ததை வாங்கு. பள்ளிக்கூடம் நம் கையில் வரும், வீட்டு ரிப்பேருக்கு நாமே கையெழுத்துப் போடலாம். உள்ளே போய்ச் சண்டை போடு" என்பார். அவர் பேச்சில் பேராசை இல்லை. எங்கள் கூரை ஒழுகியது நிஜம். அண்ணன் சொன்ன பதில் ஒன்றுதான்: "உம்லாஜியில் இருந்து வந்து என் பக்கத்து மெஷினில் தைக்கிறவளுக்கு ஓட்டு இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி வாங்குவேன்?"

பதிவு செய்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். அடுத்த மாதமே பில்லி நாயர், எம்.ஜே. நாயுடு உட்பட ஆறு தலைவர்கள் கைதுக்குத் தப்பி டர்பனில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டில் அண்ணனும் சித்தப்பாவும் பத்து ஆண்டு பேசவில்லை. புரட்டாசி சனிக்கிழமை படையல் இரண்டு வீட்டிலும் தனித்தனியாக நடந்தது.

1994 ஏப்ரல் 27 அன்று வெஸ்ட்கிளிஃபில் ஒரு பள்ளிக்கூட வாசலில் வரிசை. அம்மாவுக்கு 63 வயது, அதுவரை ஓட்டே போட்டதில்லை. சித்தப்பாவும் அண்ணனும் அவளை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இரண்டு சீட்டுக் கொடுத்தார்கள். "ஏன் ரெண்டு?" என்று அம்மா கேட்டாள். சித்தப்பா சொன்னார்: "ஒண்ணு நாட்டுக்கு அண்ணி, இன்னொண்ணு மாரிட்ஸ்பர்க்குக்கு."

பேரனிடம் இதைச் சொல்லுங்கள் அண்ணா. நீங்கள் அன்று வேண்டாம் என்றது ஓட்டை அல்ல. பக்கத்தில் நின்றவனைத் தள்ளிவிட்டு உங்களுக்கு மட்டும் நீட்டிய ஒன்றைத்தான் வேண்டாம் என்றீர்கள்.

கேள்வி: காவடிக்கும் தீபாவளிக்கும் மாலை வாங்க வருவதைத் தவிர இந்த உறுப்பினர்கள் என்னதான் செய்கிறார்கள்? கோபமாகவே கேட்கிறேன்.
– ஒரு வாசகி, இசிபிங்கோ

உங்கள் கோபம் நியாயம்தான் அக்கா. ஆனால் காவடிக்கு வருவதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். கோயில் வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் தொகுதி அலுவலகத்துக்கு ஒரு மாதத்தில் வரும் குறைகளில் பாதி காதில் விழுந்துவிடும். வந்தவர் காது கொடுத்தாரா, படத்துக்கு நின்றுவிட்டுப் போனாரா என்று பாருங்கள்.

சட்டப்படி நம் மாகாணத்தில் தொகுதி என்று எதுவும் இல்லை. கட்சிகளே பகுதி பிரித்து ஆளுக்கொரு இடம் கொடுக்கின்றன. அதனால் யார் நம் உறுப்பினர் என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் கேட்க முடியாது, கேட்காவிட்டால் அவர்கள் வர மாட்டார்கள்.

அடுத்தது, எதற்கு யாரிடம் போவது. என் மேசையில் மூன்று நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். அடையாள அட்டை, முதியோர் உதவித்தொகை எல்லாம் மத்திய அரசு, அது சிவப்பு நோட்டு. தண்ணீர், கரண்டு, குப்பை எல்லாம் எதெக்வினி, அதாவது டர்பன், மாநகராட்சி, அது பச்சை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், மாகாண நெடுஞ்சாலை, மதுக்கடை உரிமம், இவை நீலம். உறுப்பினரின் சொந்த வேலை நீல நோட்டு. மாகாண பட்ஜெட்டில் முக்கால் பங்குக்கும் மேல் கல்வியும் சுகாதாரமும்தான் எடுத்துக்கொள்கின்றன. வந்தவர்களில் பெரும்பாலோர் பச்சைக்காரர்கள். அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. எந்தக் கதவு என்று எழுதிக் கொடுத்து, அந்தக் கதவுக்கு ஒரு போனும் போட வேண்டும்.

நீல நோட்டில் ஒரு கதை. ஒரு டிசம்பர் காற்றில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை பாதி போயிற்று. தலைமையாசிரியை ஜனவரியில் போட்டோக்களோடு வந்தார். இரண்டு வகுப்புப் பிள்ளைகள் கூடத்தில் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பலகை இந்தப் பக்கம், ஒரு பலகை அந்தப் பக்கம். துறைக்கு எழுதியாகிவிட்டது, பதில் இல்லை. வேறு ஒருவராக இருந்தால் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கூரையைக் காட்டிப் பேசியிருப்பார். நம் ஆள், முன்பு சொன்ன அந்த நல்ல உறுப்பினர், கேட்ட முதல் கேள்வி, "பள்ளியின் எமிஸ் எண் என்ன?" ஒவ்வொரு பள்ளிக்கும் துறையின் ஏட்டில் ஓர் எண் உண்டு. அந்த எண் இல்லாமல் கேட்டால் "விவரம் போதாது" என்று பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

கல்வித் துறையின் எம்.இ.சி.க்கு, அதாவது மாகாண அமைச்சருக்கு, எழுத்துக் கேள்வி ஒன்று அனுப்பினார். நான்தான் தட்டச்சு செய்தேன். "இந்த எண்ணுள்ள பள்ளி இந்த நிதியாண்டின் கட்டடப் பணிப் பட்டியலில் இருக்கிறதா? எந்தப் பக்கத்தில்? எவ்வளவு ஒதுக்கீடு?" வாரங்கள் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது: "பரிசீலனையில் உள்ளது." அந்தத் தாளை அவர் கோபத்தில் கிழிக்கவில்லை, சந்தோஷப்பட்டார். "பட்டியலில் இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், பார்" என்றார்.

அதன்பிறகு நடந்ததுதான் உறுப்பினரின் உண்மையான வேலை. அது குழு அறையில் நடக்கிறது, தொலைக்காட்சியில் வராது. ஒவ்வொரு துறைக்கும் சட்டமன்றத்தில் ஒரு குழு. அதிகாரியை வரவழைத்துப் பதில் சொல்ல வைக்கும் அதிகாரம் குழுவுக்கு இருக்கிறது. அரசின் ஆண்டு ஏப்ரல் 1ல் தொடங்குகிறது. அதற்கு முன்பே துறையின் திட்டமும் ஒதுக்கீடும் குழுவின் முன் வரும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு செலவு அறிக்கை. செப்டம்பர் முடிவுக்குள் தணிக்கை செய்த ஆண்டறிக்கை. நவம்பர் வாக்கில் ஒதுக்கீட்டில் திருத்தம். இந்த நாட்காட்டி தெரிந்த உறுப்பினருக்கு எந்த வாரத்தில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியும். தெரியாதவர் கதவு சாத்திய பிறகு வந்து தட்டுவார். நான் வேலை பார்த்த நால்வரில் இருவர் அந்தத் தடித்த புத்தகங்களை என் மேசையிலேயே பிளாஸ்டிக் உறையோடு விட்டுவிட்டுப் போவார்கள். இவர் பென்சிலோடு படிப்பார். கட்டடப் பணிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி செலவாகாமல் நிற்பதை அதில்தான் கண்டுபிடித்தார்.

குழுவை அந்தப் பள்ளிக்கே அழைத்து வந்தார். எதிர்க்கட்சிக்காரர்களையும்தான். இன்காதா கட்சியின், அதாவது ஐ.எஃப்.பி.யின், உறுப்பினர் ஒருவர், நீண்ட காலம் ஆசிரியராக இருந்தவர், கூடத்தில் முதுகோடு முதுகாக உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார். அடுத்த கூட்டத்தில் நம் ஆளைவிட அவர்தான் அதிகம் கேட்டார். அடுத்த ஏப்ரல் பட்டியலில் பள்ளியின் எண் வந்தது. ஒப்பந்தக்காரர் வந்தார், பாதியில் போனார். மறுபடி கேள்வி, மறுபடி பதில். மூன்றாவது ஆண்டுதான் கூரை முடிந்தது. போட்டோவில் இருந்த பிள்ளைகளில் பெரியவர்கள் அதற்குள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஆகவே அடுத்த காவடிக்கு உங்கள் உறுப்பினர் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: "எந்தக் குழுவில் இருக்கிறீர்கள்? இந்த ஆண்டு எழுத்தில் என்ன கேட்டீர்கள்?" அந்தக் கேள்வியும் பதிலும் பொது ஆவணம்தான், ஒரு நகல் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: சம்பளம் எவ்வளவு?
– பெயர் எழுதாத வாசகர்

ஆண்டுக்கு ஒரு மில்லியன் ரேண்டுக்கு மேல். சுயேச்சை ஆணையம் ஒன்று பரிந்துரைக்கும், ஜனாதிபதி வரம்பை அறிவிப்பார். கட்சிகள் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து ஆண்டுப் பதவி. அடுத்த பட்டியலில் பெயர் கீழே போனால் அதோடு நின்றுவிடும். வீட்டுக் கடனை அந்தச் சம்பளத்தை நம்பி எடுத்து, பிறகு திண்டாடிய குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும்.

கேள்வி: 80 பேரில் ஒருவர் என்ன செய்துவிட முடியும்? எண்ணிக்கை வைத்திருக்கிற கட்சிதானே எல்லாம்?
– ஒரு வாசகர், வெருலம்

2024 ஜூனை நினைத்துப் பாருங்கள் ஐயா. எம்.கே. கட்சிக்கு 37 இடம், மாகாணத்திலேயே பெரிய கட்சி. ஐ.எஃப்.பி. 15, ஏ.என்.சி. 14, டி.ஏ. 11, இ.எஃப்.எஃப். 2, என்.எஃப்.பி. 1. ஐ.எஃப்.பி., ஏ.என்.சி., டி.ஏ. மூன்றும் சேர்ந்தால் 40. எம்.கே.யும் இ.எஃப்.எஃப்.பும் சேர்ந்தால் 39. மிச்சம் ஒரே ஒரு பெண் உறுப்பினர். அவர் எந்தப் பக்கம் என்பதில்தான் பிரிமியர், அதாவது மாகாண முதல்வர், யார் என்பதே நின்றது. ஐ.எஃப்.பி.யின் தாமி ந்துலி 41க்கு 39 என்று வென்றார்.

நம் ஆட்களின் கட்சியாக வளர்ந்த மைனாரிட்டி ஃப்ரன்ட்டையும் இதே கணக்கில் பாருங்கள். அமிசந்த் ராஜ்பன்சி 1984ன் அந்தச் சபையின் அமைச்சர் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். முறைகேடுகளை விசாரித்த ஜேம்ஸ் ஆணையத்தோடு பதவி போனது. அப்புறம் புதிய நாட்டில் சொந்தக் கட்சியோடு திரும்பி வந்து, மாகாண எம்.இ.சி.யாகவும் இருந்து, 2011 டிசம்பரில் இறக்கும்வரை அரசியலை விடவில்லை. எங்கள் அண்ணன் அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. சித்தப்பா அவர் இறுதி ஊர்வலத்துக்குப் போனார். ஒரு கட்டத்தில் இரண்டு இடம் வைத்திருந்த அந்தக் கட்சி ஒன்றுக்கு இறங்கி, 2024ல் ஒன்றுமில்லாமல் போனது. ஓர் இடத்தின் விலை தெரிய வேண்டுமானால் இந்த இரண்டு கதையையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்று நோட்டீஸ் போடுகிறார்கள். முடிவு எடுத்துவிட்டுத்தானே கேட்கிறார்கள்? போய் என்ன பயன்?
– ஒரு வாசகி, நார்த்டேல்

இதற்கு என் பதில் ஒரு ஊரின் பெயர்: மாட்டாட்டியேலே.

2005ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்த ஊரை நம் மாகாணத்தில் இருந்து ஈஸ்டர்ன் கேப்புக்கு மாற்றினார்கள். மாகாண எல்லை மாறினால் அந்த மாகாண சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். ஈஸ்டர்ன் கேப் சட்டமன்றம் ஜனங்களிடம் கருத்துக் கேட்டது. நம் சட்டமன்றம் கேட்காமலே ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஊர்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006 ஆகஸ்டில் அரசியல் சட்ட நீதிமன்றம், ஜனங்களைச் சட்டம் செய்யும் வேலையில் சேர்த்துக்கொள்வது சட்டமன்றத்தின் கடமை, அதைச் செய்யாமல் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று சொன்னது. குறையைச் சரிசெய்ய 18 மாதம் அவகாசம் கொடுத்தது. நாட்டின் அரசியல் சட்டத் திருத்தத்தில் அந்த ஊரைப் பற்றிய பகுதியே செல்லாது என்றானது, நம் உறுப்பினர்கள் ஒரு கூட்டம் போடாததால்.

முடிவையும் மறைக்காமல் சொல்கிறேன். பிறகு கூட்டம் போட்டுக் கேட்டார்கள், மறுபடி திருத்தினார்கள், ஊர் ஈஸ்டர்ன் கேப்புக்கே போனது. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பின் எங்கள் அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டும் வேலை இரண்டு மடங்கானது. கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று பதிவு செய்யாமல் குழு அறிக்கை எழுதப் பயந்தார்கள். அந்தப் பயம் வீணாகக் கூடாது. போங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததைத் தொலைப்பது கஷ்டம்.

கேள்வி: சட்டமன்றத்தில் தமிழில் பேசலாமா?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

நம் அரசியல் சட்டத்தின் 6வது பிரிவில் தமிழின் பெயர் அச்சில் இருக்கிறது. மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக, தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருதுவோடு. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். ஆனால் ஆட்சிமொழிகள் 12ல் தமிழ் இல்லை. 12வதாக 2023ல் சைகைமொழி சேர்ந்தது.

உங்களுக்கு அங்கே போகும் எண்ணம் இருந்தால் ஜூலு கற்றுக்கொள்ளுங்கள். நான் சொன்ன உறுப்பினர் 40 வயதுக்கு மேல் கற்றார். வீட்டில் துணி தைக்க வந்த அம்மாவிடம் தினமும் அரை மணி நேரம். முதல் தடவை சபையில் ஜூலுவில் ஒரு பத்தி பேசியபோது எல்லாக் கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டினார்களாம். 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் நடந்ததை நீங்கள் என்னைவிடக் கிட்டத்தில் பார்த்தவர். உங்கள் ஊருக்கும், கறுப்பின மக்கள் வாழும் பக்கத்துக் குடியிருப்பான பம்பாயிக்கும் நடுவே ஒரு சாலைதான். அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்து, அவரவர் மொழியில் செத்தவர் வீட்டில் துக்கம் கேட்கத் தெரிந்த உறுப்பினர் அன்று நமக்கு எத்தனை பேர் இருந்தார்கள்? தமிழை வீட்டிலும் கோயிலிலும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஜூலுவைச் சபைக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஆண்டி, எங்கள் வகுப்பில் சட்டமன்றம் பற்றி ப்ராஜெக்ட். நாங்கள் உள்ளே போய்ப் பார்க்கலாமா?
– எட்டாம் வகுப்பு மாணவி, சாட்ஸ்வொர்த்

போகலாம் கண்ணு. சபையும் குழுவும் பொதுமக்கள் பார்க்கும்படி நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. டீச்சரை முன்கூட்டியே சட்டமன்ற அலுவலகத்துக்கு எழுதச் சொல். சபை கூடும் நாளைக் கேட்டு எழுதினால் மேலே இருந்து நடப்பதைப் பார்க்கலாம், முடிந்தால் குழுக் கூட்டம் நடக்கும் நாளாகக் கேள். அடையாளத்துக்கு ஏதாவது எடுத்துக்கொள். சாட்ஸ்வொர்த்தில் இருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

கட்டடத்தின் முன்னால் விக்டோரியா ராணி சிலை நிற்கும். 1896ல் அந்தச் சட்டம் நிறைவேறியபோது அவர்தான் ராணி. உள்ளே போய் உட்கார்ந்ததும் உறுப்பினர்கள் மேசைகளைப் பார். யார் முன்னால் தாள்கள் பிரித்து, பென்சிலால் கோடு போட்டு இருக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையையும் ப்ராஜெக்டில் எழுது. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு.